கடனும் கரவும்

தறியையும் பூ வாணிகத்தையும் நம்பி வாழும் சங்கரன்கோவிலில் கடன் அறியா இல்லம் அரிது. ஆதலின், அரசாங்க உத்தியோகம் நாடும் நம்மனோர், கடனும் பொய்யும் அதற்கு எங்ஙனம் இடையூறாகும் என அறிதல் நன்று.

அரசின் மறைபொருளைக் காக்க வேண்டியவன் தீராக் கடனில் மூழ்கின், பொருள் காட்டி மயக்கும் பகைவர்க்கு வசமாதல் கூடும். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும், ஓயாக் கடன்படுதலைத் தவிர்க்குமாறு யாவரையும் பணிக்கின்றன. எனினும் கடன் ஒன்றே குற்றமன்று. மறைபொருட் பணிக்கு ஆள் ஆராயும் அமெரிக்க அதிகாரிகளும், நோய், வேலையிழப்பு முதலியவற்றால் நேர்ந்த கடனை நேர்மையாய்த் தீர்க்க முயல்வதைச் சாதகமாகவே கொள்வர்.

கரவோ அத்தகையதன்று. அவ்தார் சிங் வழக்கில் 2016ஆம் ஆண்டு நமது உச்ச நீதிமன்றம், விண்ணப்பிப்போர் தம்மேல் நிகழ்ந்த குற்ற வழக்கை மறையாது உரைத்தல் வேண்டும் என்றது. அற்பக் குற்றமாயின் பொறுக்கலாம், பெருங்குற்றத்தை மறைப்பின் பணியினின்று நீக்கலாம் என்றும் தெளிவுறுத்திற்று.

கடனைத் தவணையால் தீர்க்கலாம். இழந்த நம்பிக்கையை எத்தவணையால் மீட்பது?