டி டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மேட் செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள்

மை கம்ப்யூட்டரில் டி டிரைவின் மேல் இரண்டு முறை கிளிக் செய்கிறீர்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குப் பதிலாக, "எந்த புரோகிராமைக் கொண்டு திறக்க?" என்று கேட்டு ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. நோட்பேட், பெயிண்ட், வேர்ட்பேட் என்று வரிசையாக. ஒரு முழு டிரைவை நோட்பேடில் திறக்கச் சொல்வதே அபத்தம்தான். ஆனாலும் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்.

கடையில் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்: "வைரஸ் சார், ஃபார்மேட் அடிச்சிடலாம்." முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இதையே சொன்னார்கள். நான்கு வருடமாக ஊர் ஊராய் அலைந்து எடுத்த கல்வெட்டுப் படங்களும், வாசித்து எழுதிய குறிப்புகளும் அந்த டி டிரைவில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. அவற்றில் சில கற்கள்மேல் திருப்பணியின்போது பெயிண்ட் அடித்துவிட்டார்கள். திரும்பப் போய்ப் படம் எடுக்கவும் வழியில்லை. போனில் நான் கேட்டது ஒன்றுதான்: "மேலே அட்ரஸ் பாரில் டி எழுத்தும் பக்கத்தில் முக்காற்புள்ளியும் அடிச்சு என்டர் தட்டுங்க, என்ன வருது?" ஒரு நிமிடம் கழித்து, "எல்லாம் அப்படியே இருக்கே!" என்றார்.

இருக்கத்தான் செய்யும். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போனது வாசலில் மாட்டியிருக்கும் பலகை மட்டும்தான்.

அந்தப் பலகையின் பெயர் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப். விண்டோஸ் 95 காலத்தில் வந்த வசதி இது. சிடியைப் போட்டவுடன் பாட்டோ, இன்ஸ்டாலரோ தானாக ஓட வேண்டும் என்பதற்காக, எந்தப் புரோகிராமை ஓட்டுவது என்று சிடியிலேயே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், இதே ஃபைல் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ இருந்தாலும் எக்ஸ்பி அதைப் படித்துக் கீழ்ப்படியும். வைரஸ் எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா? வைரஸ் தன்னை ஒவ்வொரு டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, "கிளிக் செய்தால் என்னை ஓட்டு" என்று பக்கத்தில் ஓர் ஆட்டோரன் ஃபைலையும் போட்டுவிடும். இரண்டையும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தும் வைக்கும். 2008 கடைசியில் உலகத்தையே கலக்கிய கான்ஃபிக்கரும் பென் டிரைவ் வழியாகப் பரவியது இப்படித்தான்.

வேடிக்கை இனிமேல்தான். ஆன்டிவைரஸ் வந்து வைரஸ் ஃபைலை அழித்துவிடுகிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் ஆட்டோரன் ஃபைலைச் சில சமயம் விட்டுவிடுகிறது. நீங்கள் கிளிக் செய்யும்போது விண்டோஸ் இல்லாத ஒன்றைத் தேடி, கிடைக்காமல், "எதைக் கொண்டு திறக்க?" என்று உங்களையே கேட்கிறது. அதாவது, இந்தப் பட்டியல் வந்தால் வைரஸ் செத்துப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம்! டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பாருங்கள். தடித்த எழுத்தில் 'ஓப்பன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆட்டோ' என்றோ புரியாத எழுத்துகளோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, எப்படி எடுப்பது? ஸ்டார்ட், ரன், சிஎம்டி. கறுப்புத் திரையில் முதலில் டி டிரைவின் வேருக்குப் போங்கள். மறைப்பை நீக்கும் கட்டளை அட்ரிப் (ஏ, டி, டி, ஆர், ஐ, பி). அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு எஸ், அதேபோல் எச், ஆர், கடைசியில் ஆட்டோரன் ஃபைலின் பெயர். உடனே அழிக்காதீர்கள். நோட்பேடில் திறந்து படியுங்கள். எந்த ஈஎக்ஸ்ஈ ஃபைலை அது கூப்பிடுகிறது என்று உள்ளேயே எழுதியிருக்கும். அந்தப் பெயரில் ஃபைல் இன்னும் இருந்தால் அதே முறையில் மறைப்பை நீக்கி, இரண்டையும் சேர்த்து அழியுங்கள். மற்ற டிரைவ்களிலும் இதையே செய்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

அழித்த ஃபைல் அடுத்த நிமிடமே திரும்ப முளைத்தால் வைரஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. சேஃப் மோடில் ஸ்கேன் செய்துவிட்டு மறுபடி வாருங்கள். ஃபைல் போயும் பட்டியல் மட்டும் வந்தால், விண்டோஸ் பழைய கட்டளையை ரெஜிஸ்ட்ரியில் மவுண்ட்பாயின்ட்ஸ்2 என்ற இடத்தில் ஞாபகம் வைத்திருக்கிறது. கரண்ட் யூசர் பகுதியில், எக்ஸ்புளோரருக்குக் கீழே இருக்கும். அந்தக் கீயை அழித்தால் விண்டோஸ் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

திரும்ப வராமல் இருக்க ஒரு நாட்டு வைத்தியம்: ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப் என்ற அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வையுங்கள். ஓரிடத்தில் ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் இருக்க முடியாது என்பதால் சாதாரண வைரஸ்கள் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கெட்டிக்கார வைரஸ் ஃபோல்டரையே அழித்துவிடும், அது வேறு கதை. விண்டோஸ் 7 பென் டிரைவில் ஆட்டோரனை மதிப்பதில்லை. எக்ஸ்பிக்கும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதே தடையை அப்டேட்டாகக் கொடுத்தது. மூன்று வருடம் முன்பே கொடுத்திருக்கலாம்.

இவ்வளவும் அட்ரஸ் பார் வழியாக டிரைவ் திறந்தால் மட்டும். அப்படியும் திறக்காமல் "டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று கேட்டால், தயவுசெய்து 'நோ' சொல்லுங்கள். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். எது எங்கே என்கிற அட்டவணைதான் சிதைந்திருக்கும். செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம், அது டிஸ்கில் எழுதித் திருத்துகிற புரோகிராம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் ஃபைல்களை முதலில் வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள்.

டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் மென்பொருள் பேச்சே கிடையாது. உடனே கரன்ட்டை நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கொஞ்சம் தகவல் சுரண்டப்படும். ஃபைல்கள் நிஜமாகவே முக்கியம் என்றால் டேட்டா மீட்பவர்களிடம்தான் போக வேண்டும், செலவும் அதிகம். அதற்கு வழியில்லை, ஒரே ஒரு முறை ஆன் செய்து பார்க்கிறேன் என்பவர்கள், எதை முதலில் எடுப்பது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். சினிமாவும் பாட்டும் அந்தப் பட்டியலில் வர வேண்டியதில்லை.