ஐந்து மொழிகளில் ஓர் அருநூல்

வீடு என்பது மக்கள் வாழும் இடம். அச்சகம் என்பது தொழில் நடக்கும் இடம். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே குடும்பத்தின் கையில், முந்நூறு ஆண்டுகள் இருந்த இல்லம் ஒன்று பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில் உள்ளது. பிளாந்தின் - மொரேட்டஸ் காட்சிச்சாலை என்பது அதன் பெயர். 1876-இல் குடும்பத்தார் அதனை நகராட்சிக்கு விற்றனர். அடுத்த ஆண்டிலேயே அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையனவான இரண்டு அச்சுப்பொறிகள் அங்கே நிற்கின்றன. அவ்வில்லத்தில் காக்கப்பெறும் நூல்களுள் தலையாயது, எட்டுப் பெருந்தொகுதிகளாக அமைந்த பன்மொழிப் பைபிள். அது பிறந்த வரலாறு அறியத்தக்கது.

அதனை அச்சிட்டவர் கிறிஸ்தோப் பிளாந்தின். பிரெஞ்சு நாட்டில் பிறந்து, பிழைப்பை நாடி ஆண்ட்வெர்ப்பில் குடியேறியவர். நூல்களுக்குத் தோலட்டை கட்டுவதே அவருடைய முதல் தொழில். 1555-ஆம் ஆண்டில் ஓரிரவு தெருவில் சென்றபோது, வேறொருவரைத் தேடிவந்த முகமூடி மனிதர்கள் ஆளறியாது அவரைக் கத்தியால் குத்திவிட்டனர் என்று குடும்பத்தார் எழுதிவைத்துள்ளனர். தோளில் பட்ட காயம் ஆறிற்று. ஆயினும் குனிந்து கையால் செய்யும் கட்டட வேலைக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. எனவே அவர் அச்சுத் தொழிலில் புகுந்தார்.

அக்காலத்தில் ஆண்ட்வெர்ப் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கத்தோலிக்க சமயத்துக்கு மாறான நூலை அச்சிடுதல் உயிருக்கே உலைவைக்கும் குற்றமாகும். 1562-இல் பிளாந்தினின் அச்சகத்தில் அத்தகைய சிறு நூல் ஒன்று அச்சாயிற்று என்ற செய்தி வெளிப்பட்டது. அவர் பாரிஸ் நகரில் தங்கியிருக்க, இங்கே அவருடைய உடைமைகள் ஏலம் போயின. மறு ஆண்டு திரும்பிவந்து, பங்காளிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தொழிலை மீண்டும் நிலைநிறுத்தினார். ஆனால் அப்பங்காளிகளோ கால்வினியச் சமயச் சார்பினர். 1566-இல் கோயில் சிலைகளை உடைக்கும் கலகம் மூண்டது. அதனை அடக்க 1567-இல் ஆல்பா கோமகன் படையோடு வந்தார். பங்காளிகள் நாட்டை விட்டே அகன்றனர். பிளாந்தின் தனித்து நின்றார்.

ஐயத்துக்கு ஆளான மனிதன் தன் நேர்மையை எங்ஙனம் மெய்ப்பிப்பது? அவர் கண்ட வழி தொழிலே. வேதநூலை அதன் பழைய மொழிகளில் அடுத்தடுத்து அமைத்து அச்சிடும் திட்டத்தை, தம்மை நன்கறிந்த மன்னரின் செயலாளர் சாயாஸ் வாயிலாக ஸ்பெயினுக்கு விடுத்தார். 1514 முதல் 1517 வரை ஸ்பெயினில் அச்சான முந்திய பன்மொழிப் பைபிள் 600 படிகளே வெளிவந்தமையால் கிடைத்தற்கரியதாய் இருந்தது. மன்னர் இசைந்தார். 1568-இல் பெனிட்டோ ஆரியாஸ் மொந்தானோ என்னும் பேரறிஞரை மேற்பார்வைக்கு அனுப்பினார். 21,000 புளோரினுக்கு மேற்பட்ட தொகையையும் வழங்கினார். அது நன்கொடையன்று, நூல்களாகத் திருப்பித் தரவேண்டிய முன்பணம்.

எபிரேயம், அரமேயம், சிரியாக், கிரேக்கம், இலத்தீன் என மொழிகள் ஐந்து. முதல் மூன்றும் வலமிருந்து இடமாக எழுதப்படுவன. பின்னிரண்டும் இடமிருந்து வலமாகச் செல்வன. ஒரே வசனம் எல்லா மொழிகளிலும் எதிரெதிரே நிற்குமாறு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தல் வேண்டும். ஒரு மொழியில் வரி நீண்டால் மற்றவற்றிலும் இடம் நிரவ வேண்டும். இப்பணி 1568 முதல் 1572 வரை நடந்தது. காகிதத்தில் ஏறத்தாழ 1,200 படிகளும், மன்னருக்கென ஒரு சில படிகள் தோல்தாளிலும் உருவாயின.

இவ்வேலையில் பங்குகொண்டோருள் ஒருத்தியை மறத்தலாகாது. பிளாந்தினுக்குப் புதல்வியர் ஐவர். அவர்களுள் நான்காமவளான மக்தலேனாவுக்கு 1570-இல் வயது 13. அச்சகத்திலிருந்து மெய்ப்புத்தாள்களை எடுத்துக்கொண்டு மொந்தானோவின் இருப்பிடம் சென்று, எபிரேயம் முதலிய மூல மொழிகளின் பாடத்தை அவள் வாய்விட்டுப் படிப்பாள். மறுபக்கம் பிழைகள் ஒப்புநோக்கித் திருத்தப்படும். இதனைத் தந்தையே சாயாஸுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். மூத்த மருகர் ராபலெஞ்ஜியஸ் எபிரேயப் புலமையால் துணைநின்றார். அரச நூல் என்று உலகம் அழைத்த அது, உண்மையில் ஒரு குடும்பத்தின் உழைப்பு.

நூல் முடிந்ததும் துன்பமும் முடிந்துவிடவில்லை. போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் ஒப்புதல் தர மறுத்தார்; அவருக்குப்பின் வந்த பதின்மூன்றாம் கிரகோரியே 1572-இல் இசைவளித்தார். ஸ்பெயினில் சமய விசாரணை மன்றத்தில் நூலின்மேல் குற்றச்சாட்டு எழுந்து, ஆராய்ச்சிக்குப்பின் நீங்கிற்று. 1576 நவம்பரில், சம்பளம் பெறாத ஸ்பானியப் படையினர் ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடினர். பிளாந்தின் மீட்புப்பணம் பன்முறை செலுத்தித் தம் அச்சகத்தைக் காத்தார். எந்த மன்னருக்கு நூல் சமைத்தாரோ அம்மன்னரின் படையே அவரை வறியராக்கிற்று! ஆயினும் உழைப்பும் உறுதியும் என்பதே அவருடைய அச்சகத்தின் முத்திரைமொழி. 1589-இல் மறையும்வரை அதற்கேற்பவே வாழ்ந்தார்.

இந்நூல் நம் நாட்டுக்கும் வந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1580-இல் கோவாவிலிருந்து சென்ற இயேசு சபைத் துறவியர் பதேபூர் சிக்ரியில் அக்பருக்கு இதனையே காணிக்கையாக அளித்தனர். எழுதப் படிக்கப் பயிலாதவர் எனப்பட்ட அப்பேரரசர், ஒவ்வொரு தொகுதியையும் கையில் ஏந்தி, முத்தமிட்டு, தலைமேல் வைத்துப் போற்றினார். 1595-இல் நூல் துறவியரிடமே திரும்பிற்று. ஆனால் அதன் முகப்புச் சித்திரம் மொகலாய ஓவியர் மனத்தில் தங்கிவிட்டது. சிங்கமும் எருதும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பகையின்றி ஒருங்கே நிற்கும் அக்காட்சி, பிற்கால மொகலாய ஓவியங்களில் செங்கோன்மையின் சின்னமாக மலர்ந்தது என்பர் கலை ஆராய்ச்சியாளர். தமிழ் எழுத்தில் முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1578-இல் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

காட்சிச்சாலையில் நூல்களோடு கணக்கேடுகளும் உள. யாருக்கு எவ்வளவு கூலி, எந்தக் காகிதம் எவ்விலை, எந்த வணிகர் எத்தனை படி வாங்கினார் என்பன எல்லாம் அவற்றில் பதிந்துள்ளன. இவ்வணிக ஆவணங்களை யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2005-இல் இல்லத்தையே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நாள்தோறும் பேரேடும் பற்றுச்சீட்டுமாகப் பொழுதைக் கழிக்கும் என்போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. 1945 ஜனவரியில் ஜெர்மானிய வெடிகணை ஒன்று வாசலிலுள்ள சந்தைத் திடலில் விழுந்து கட்டடம் பெரிதும் சிதைந்தது. செப்பனிட்டு 1951-இல் மீண்டும் திறந்தனர்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்வந்த ஒருவரின் இல்லத்தில் ஐந்து மொழிகளின் ஒலி கேட்டது. அவற்றைப் பிழையின்றிப் படித்த குரல் ஒரு சிறுமியின் குரல். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் குழந்தைகளுக்கு இத்தனை மொழிகள் சுமையாகுமே என்று கவலையுறும் பெற்றோர், மக்தலேனாவை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். அவளுக்கு அவை சுமையாயினவோ அல்லவோ, அவளிடம் அவற்றை ஒப்படைக்க அவள் தந்தை அஞ்சவில்லை.