சதுரங்கப் பலகையின் கடைசித் தானியம்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த இந்திய அறிஞர், முதற் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் மன்னரிடம் கேட்ட கதையை அறியாதார் இலர். கதை எளிது, கூட்டுத்தொகையே கடினம். இருபது இலக்கங்கள் கொண்ட அவ்வெண் 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும்.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (1211–1282), தொகை அவ்வளவு பெரிதாகும் என்பதை முதலில் நம்பவில்லை. கேட்டதை அப்படியே எழுதிவிடும் ஆசிரியர்கள் பலர் இருக்க, அவருடைய ஐயம் போற்றத்தக்கது. இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் அவருக்கு விளக்கினார். பதினாறாம் கட்டத்தில் 32,768 தானியங்கள். அதை ஒரு கிண்ண அளவாகக் கொண்டு, மேலும் மேலும் இரட்டித்து, களஞ்சியமாகவும் நகரமாகவும் மாற்றிக்கொண்டே சென்றால், கடைசிக் கட்டத்தில் மட்டும் 16,384 நகரங்களின் தானியம் வந்துவிடுகிறது.

இதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், அபூ ரைஹான் அல்பிரூனி தமது 'அல் ஆஸாருல் பாகியா'வில் இத்தொகையைக் கணித்திருந்தார். அறுபத்து மூன்று முறை இரட்டித்து, அனைத்தையும் கூட்டும் வேலை அவருக்குத் தேவைப்படவில்லை. ஐந்தாம் கட்டத்தின் 16ஐ வர்க்கமாக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டம். மீண்டும் வர்க்கமாக்க, பதினேழாம் கட்டத்தின் 65,536. மீண்டும், முப்பத்து மூன்றாம் கட்டத்தின் 4,294,967,296. நான்காவது வர்க்கம், பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்துக்கு உரியது. முந்தைய கட்டங்களின் கூட்டுத்தொகை எப்போதும் அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு. ஆகவே ஒன்றைக் கழித்தால் விடை. நான்கு பெருக்கல், ஒரு கழித்தல்! பின்னர் அத்தொகையைத் திர்ஹங்களாகப் பாவித்து, பைகளிலும் கோவேறு கழுதைகளிலும் ஏற்றி, 2,305 மலைகளில் பரப்பியும் காட்டினார்.

இதே ஏணி எண்ணின் உட்கட்டமைப்பையும் திறக்கிறது. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அதன் மூலத்தோடு ஒன்றைக் கூட்டியதும் கழித்ததுமான இரு எண்களின் பெருக்கம் கிடைக்கும். இதை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பச் செய்தால் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 ஆகிய ஆறு காரணிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 2, 4, 16 என்ற அந்த ஏணியின் படியோடு ஒன்று கூட்டியதே. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்ணே என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கருதினார். 1732இல் ஆய்லர் அதை 641, 6,700,417 என உடைத்தார். ஆக, மன்னர் கொடுக்க இயலாத கடன் ஏழு பகா எண்களின் பெருக்கம்.

ஓர் அரிசி 25 மில்லிகிராம் எனக் கொண்டால் எடை ஏறக்குறைய 46,000 கோடி டன். உலகின் இன்றைய ஆண்டு விளைச்சலில் சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குரியது. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் வீரர்கள் குனிந்திருந்த ஒவ்வொரு பலகையும் இக்கடனைச் சுமந்ததுதான். நம் கணினிகளில் 64 இருமக் குறிகளால், குறைக்குறியின்றி, எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே. அதோடு ஒன்றைக் கூட்டினால் அந்த 64 இடங்களும் பூச்சியமாகிவிடும்.