நித்தியகல்யாணி

நித்தியகல்யாணி (கேதராந்தசு ரோசியசு) மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை வளரும் குறுஞ்செடியாகும். ஆண்டு முழுவதும் பூப்பதால் இப்பெயர் பெற்றது. சுடுகாட்டு மல்லி என்றும் அழைப்பர். சிலர் வீட்டில் வளர்க்கத் தயங்குவது இப்பெயராலேயே.

வளர்ப்பு

சதுரங்கப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மணலும் உப்புக்காற்றும் இதற்குத் தடையல்ல. ஆடு மாடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. விதைகள் இருளில் நன்கு முளைப்பதால் அவற்றை மெல்லிய மண்ணால் மூட வேண்டும். வறட்சியைத் தாங்கும் இச்செடி நீர்த்தேக்கத்தைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரழுகி வாடிவிடும். எனவே மேட்டுப்பாத்தியில் நடுதல் நன்று. நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும்.

மருத்துவப் பயன்

நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக வழங்கிய இதன் இலையைக் கனடாவில் இராபர்ட் நோபிள், சார்லசு பீர் ஆகியோர் ஆராய்ந்தனர். எலிகளில் சர்க்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளையணுக்கள் குறைந்தன. இதன் விளைவாக 1958 இல் வின்பிளாசுட்டீன் என்னும் புற்றுநோய் மருந்து அறியப்பட்டது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிசுட்டீனும் இச்செடியிலிருந்து கிடைப்பதே. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவை.

நச்சுத்தன்மை

செடி முழுவதும் நச்சுடையது. மருந்து தரும் செடிதானே என்று இலையை வீட்டில் கசாயமிட்டு அருந்துதல் ஆபத்தானது. வெள்ளையணுக்கள் குறையவும் நரம்புகள் பாதிக்கப்படவும் கூடும். கருவுற்ற பெண்கள் அறவே தவிர்க்க வேண்டும்.