கங்கைக் கால்வாய்க் கரையில் மூன்று நாட்கள்

தீபாவளிக் காலையில் நம்மவர் ஒருவரையொருவர் கண்டால் "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று கேட்பது தொன்றுதொட்ட வழக்கம். டில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் பலருக்கு இது வெறும் உபசார வார்த்தை அன்று. சோனியா விகார் நிலையத்தில் தூய்மை செய்யப்பட்டு நகரின் பல பகுதிகளுக்கு வரும் குழாய்நீர், முராத்நகரில் மேல்கங்கைக் கால்வாயிலிருந்து எடுக்கப்படும் கங்கை நீரேயாகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆண்டுதோறும் தசராவிற்கும் தீபாவளிக்கும் இடையே, தூர் வாருவதற்காக ஹரித்துவாரில் கால்வாயின் மதகுகளை அடைத்து விடுகிறார்கள். கங்கா ஸ்நானத்தைப் பற்றி நாம் விசாரிக்க ஆயத்தமாகும் அதே வாரங்களில் கால்வாய் வறண்டு, சேறும் சில்லறைக் காசுமாகக் கிடக்கும்!

அந்நீர் வரும் வழியைக் கரையோடு கரையாகப் பார்த்து வரவேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு நெடுநாளாக இருந்தது. அலுவலக நண்பர் நால்வர் சேர்ந்து, தீபாவளி கழிந்து நீர் திறந்துவிட்ட பின், ஹரித்துவாரிலிருந்து முராத்நகர் வரை சைக்கிளில் இறங்கி வந்தோம். தூரம் நூற்று அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மூன்று நாட்களில் நிதானமாகவே முடிந்தது. நீர் ஓடும் திசையிலேயே செல்வதால் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

கால்வாயின் இரு கரைகளிலும் பாதை உண்டு. பாசன இலாகாவினர் மேற்பார்வைக்காக அமைத்தது அது. உள்ளூரார் அதைப் 'பட்ரி' என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் பட்ரி என்றால் தண்டவாளம். ஆகையால் முதல் நாள் வழி கேட்டபோது ஒருவர் ரயில் பாதையைக் காட்ட, மற்றவர் வாய்க்காலைக் காட்ட, நல்ல சிரிப்பாயிற்று. வலக்கரையில் நெடுந்தூரம் தார் போட்டிருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் வரும் வடவரின் சிராவண மாதத்தில் லட்சக்கணக்கான பக்தர்கள் கங்கை நீரைக் காவடியில் சுமந்து நடக்கும் வழி அது. அந்நாட்களில் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. இடக்கரையோ பல இடங்களில் இன்னும் மண்ணும் சரளையுமாக, இருமருங்கும் மரம் கவிந்து, டில்லிவாசிகள் மறந்தே போன ஒரு நிசப்தத்தோடு கிடக்கிறது.

இக்கால்வாய் ஒரு பஞ்சத்தின் விளைவாகும். 1837–38-ல் ஆக்ரா பிரதேசத்தில் நேர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் மாண்டனர் என்பர். அதன் பின்னரே புரோபி காட்லி என்ற ஆங்கில அதிகாரி வகுத்த திட்டத்திற்குக் கம்பெனி ஆட்சியார் செவி சாய்த்தனர். 1842-ல் வெட்டத் தொடங்கி, 1854 ஏப்ரல் 8-ஆம் நாள் நீர் விட்டார்கள். அணையால் கங்கை சிறைப்படும் என்று ஹரித்துவாரத்துப் புரோகிதர்கள் எதிர்த்தபோது, ஆறு தடையின்றி ஓடுவதற்கு அணையில் ஓர் இடைவெளி விட ஒப்புக்கொண்டு, நீராடும் படித்துறைகளையும் காட்லி செப்பனிட்டுக் கொடுத்தார். விநாயகரை வணங்கியே வேலையைத் தொடங்கினார் என்றும் கூறுவர்.

முதல் நாள் ஹரித்துவாரிலிருந்து ரூர்க்கி வரை முப்பது கிலோமீட்டர்தான். ஆயினும் பயணத்தின் சாரம் முழுவதும் இங்கேயே இருக்கிறது என்பது எங்கள் கருத்து. சிவாலிக் மலையிலிருந்து இறங்கும் காட்டாறுகள் கால்வாயைக் குறுக்கே வெட்டுகின்றன. மழைக்காலத்தில் பேய்போல் வரும் அவ்வெள்ளத்தை என்ன செய்வது? ராணிப்பூரிலும் பத்ரியிலும் காட்டாற்றைக் கால்வாயின் தலைக்கு மேலே பாலம் கட்டிக் கடத்திவிட்டார்கள். தனௌரியில் ஆறும் கால்வாயும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன; மதகுகளைத் திறந்தும் அடைத்தும் ஒன்றை மற்றொன்று விழுங்காமல் காக்கிறார்கள். ரூர்க்கியை நெருங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. அங்கே சோலானி ஆறு கீழே ஓட, கால்வாய் அதன் மேலே செல்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்டவர்க்குச் சோலானித் தொட்டிப்பாலத்தை எளிதில் விளக்கிவிடலாம். மாத்தூரில் உயரம் வியப்பு. இங்கே அகலமும் கனமும் வியப்பு. ஐம்பது அடி அகலமுள்ள வளைவுகள் பதினைந்து. சிமெண்டு வழக்கத்திற்கு வராத காலம். அருகிலேயே சுட்ட செங்கல்லும், சுண்ணாம்பும், முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பேச்சில் நாம் கேட்டிருக்கும் அதே சுர்க்கியும் கொண்டு எழுப்பினார்கள். கரையின் முனைகளில் காரைச் சிங்கங்கள் காவல் அமர்ந்திருக்கின்றன. சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு ஆற்றுப் படுகைக்கு இறங்கிப் பார்த்தோம். தலைக்கு மேல் ஒரு கங்கையே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மனம் நம்புவதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

ரயில்வேக்காரர்களுக்கு இவ்விடம் வேறொரு வகையிலும் முக்கியமானது. இப்பாலத்தின் மண்கரைகளுக்கு மண் சுமக்க, 1851-லேயே இங்கு ஒரு நீராவி எஞ்சின் ஓடியது. பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் வண்டி புறப்பட்டது 1853-ல்தான். வடநாட்டு நண்பர் இதனைப் பெருமையோடு எடுத்துக் காட்டியபோது, சென்னைக்கு அருகே செங்குன்றத்தில் 1837-லேயே கல் சுமக்க ரயில் ஓடியதை நாங்கள் நினைவூட்ட வேண்டியதாயிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை. இதனிடையே, 2024-ல் ஹரித்துவாரில் நீர் அடைத்தபோது படுகையில் பழைய தண்டவாளங்கள் தென்பட்டதாகச் செய்தி வந்தது. கட்டுமானக் காலத்துத் தள்ளுவண்டிகளுக்கு இட்டவை என்கிறார்கள்.

ரூர்க்கிக்கு இப்பாலேயே கால்வாய்க் கரையில் பிரான் கலியர் என்னும் புகழ்பெற்ற தர்கா உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாபிர் என்னும் சூஃபிப் பெரியாருடையது. எல்லா மதத்தினரும் வருகிறார்கள். ஊருக்குள் இருக்கும் பொறியியற் கல்லூரி, கால்வாய்க்கு ஆட்களைப் பயிற்றுவிக்க 1847-ல் தொடங்கியது. நம் பிள்ளைகள் இரவும் பகலும் படித்து நுழைய முயலும் ஐ.ஐ.டி.யாக அது 2001-ல் ஆயிற்று.

இரண்டாம் நாள் ரூர்க்கியிலிருந்து கத்தௌலி வரை கரும்புக்காடு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். நிலத்தின் வாட்டம் அதிகமாகையால், கால்வாயைப் படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நீர் இரைந்து விழும். அதற்கு இப்பக்கத்தில் 'ஜால்' என்று பெயர். அதன் அருகே படகுகளை ஏற்றி இறக்கிய பழைய கதவுத் தொட்டிகளும் தென்படும். காட்லி கொடுத்த வாட்டம் கொஞ்சம் மிகுதி. நீரின் வேகம் அடியை அரித்தது. நம் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் இதனைக் கடுமையாகச் சாடினார். கால்வாயை இவ்வளவு மேலே தொடங்கியிருக்கவே கூடாது என்பது அவர் வாதம். 1860-களில் இருவரும் அச்சிட்ட பிரசுரங்களால் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். பின்னர் படிகளைத் திருத்திக் கட்டினார்கள். காவிரிப் படுகையில் தேர்ந்த கண்ணுக்குக் கங்கைக் கரையின் குறை பட்டது என்பதில் நமக்குச் சிறிது பெருமை இருக்கலாம். ஆயினும் 170 ஆண்டுகளாக ஓடும் நீர் காட்லிக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது.

வழியில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் பல. ஒரு முதியவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கொப்பரையிலிருந்து அப்போதுதான் வார்த்த வெல்லத்தை ஆளுக்கு ஒரு கட்டி இலையில் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பேச்சு சாலையைப் பற்றித் திரும்பிற்று. இடக்கரையிலும் காவடிப் பாதை போடுவதற்காக, முராத்நகரிலிருந்து புர்காஜி வரை 111 கிலோமீட்டருக்கு மாநில அரசு திட்டம் வகுத்து, 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட அனுமதியும் வழங்கியது. 2024-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்துவிட்டன. "சாலை வந்தால் கரும்பு வண்டிக்கு நல்லதுதான், ஆனால் ஜேஷ்ட மாதத்து வெயிலில் மாட்டை எங்கே கட்டுவது?" என்றார் முதியவர். எங்களில் ஒருவர்கூட அதற்கு மறுமொழி கூறவில்லை. பக்தர்களின் உயிர்ப் பாதுகாப்பும் சிறிய விஷயமன்று. ஆனால் நிழலில்லாத தார்ச்சாலையில் சைக்கிளோட்டி, இது கங்கைக் கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதில் என்ன இருக்கிறது? மண்பாதை மிஞ்சியிருக்கும்போதே போய்வருவது நலம்.

மூன்றாம் நாள், கரையை விட்டுச் சற்று விலகி சர்தனாவுக்குச் சென்றோம். ஆடல் மகளாக வாழ்க்கையைத் தொடங்கி, கூலிப்படைத் தலைவன் ஒருவனின் துணைவியாகி, அவன் இறந்தபின் படையையும் ஜாகீரையும் தாமே ஆண்ட பேகம் சம்ருவின் ஊர் அது. கத்தோலிக்க மதம் தழுவிய அவர் கட்டிய மாதா கோவில் 1822-ல் நிறைவெய்தியது. 1961-ல் போப்பாண்டவர் அதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். நம் வேளாங்கண்ணியும் அதற்கு அடுத்த ஆண்டில் அந்தப் பெருமையை அடைந்தது.

குடும்பத்தோடு செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். கால்வாயில் நீர் மிக வேகமாகச் செல்கிறது. கரைச் சரிவில் கால் வைத்தால் பிடிப்பு இல்லை. பல இடங்களில் கைப்பிடிச் சுவரும் இல்லை. பிள்ளைகளை நிலப்பக்கமாகவே ஓட்டச் சொல்ல வேண்டும். சங்கிலி கட்டிய படித்துறை தவிர வேறெங்கும் இறங்கலாகாது. ஒவ்வோர் ஆண்டும் இக்கால்வாய் உயிர்களைக் கொண்டு போகிறது. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் மூடுபனி. எதிரே வரும் டிராக்டரும் தெரியாது. நவம்பரோ, பிப்ரவரி இறுதியோ உகந்தது.

கடைகளில் 'கிரேவல் சைக்கிள்' என்று பெரும் விலைக்கு விற்கிறார்கள். எங்களில் இருவர் சாதாரண வண்டியிலேயே, டயர் மட்டும் அகலமானதாக மாற்றிக்கொண்டு வந்தனர். குறை ஒன்றும் இல்லை. மெல்லிய டயர் மட்டும் உதவாது. கருவேல முள் ஏராளம். பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் கட்டாயம். ஹரித்துவாருக்குச் சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்யலாம். வண்டி புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகவே பார்சல் அலுவலகத்திற்குச் சென்றுவிடுங்கள், பெட்ரோல் வண்டியாக இருந்தாலன்றிப் பெரிய தொல்லை இராது. நடுவழியில் களைத்தவர்கள் ரூர்க்கி, கத்தௌலி நிலையங்களில் ரயில் ஏறிவிடலாம். முராத்நகரிலிருந்து டில்லிக்கு உள்ளூர் வண்டிகள் உண்டு. மாலை நேரத்து வண்டியில் சைக்கிளோடு ஏற முயலாமல், மறுநாள் காலை வரை பொறுப்பது உத்தமம்.