கராஜ் வாசலில் – 9: செம்மண்ணில் ஒரு கறுப்புப் பொட்டு

வண்ணாத்திவில்லில் பிளேன்டீ குடிக்க இறங்கினோம். திரும்பி வந்தால், எங்கள் டொல்பின் வேனுக்குக் கீழே செம்மண்ணில் கறுப்பாக ஒரு பொட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் இன்னொரு சொட்டு விழுந்தது. முந்தின நாள் பின்னேரம்தான் வேனைப் புத்தளத்தில் ஒரு கராஜில் இருந்து எடுத்திருந்தோம். டைமிங் பெல்ட் புதிது, எஞ்சின் ஒயிலும் பில்டரும் புதிது, டெபட் கவர் கேஸ்கட்டும் புதிது. வேலைக்குப் போகும்வரை நின்ற இடத்தில் சொட்டு விடாத வண்டி அது.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம். காலையில் மேல் கோட்டில் நின்ற ஒயில் கீழ்க் கோட்டைத் தொடப் பார்த்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரியவே இல்லை. அதை நம்பி ஓடுகிறவர்கள் நிறையப்பேர். அந்த விளக்கு ஒயிலின் அளவைச் சொல்வதில்லை. அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அது எரியும்வரை ஓடினால் பேரிங்குகளை அரைக்கத் தொடங்கியாயிற்று என்று அர்த்தம்.

சாரதி கராஜுக்குப் போன் எடுத்தார். "பழைய எஞ்சின் தானே, பின் சீல் போயிருக்கும்" என்றார்கள். பின் சீல் என்றால் கியர்பொக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். கூலியை நினைத்தாலே வயிறு கலங்கும். குனிந்து பார்த்தேன். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்னது சரிதான் என்று நானும் நம்பிவிட்டேன். எட்டு வாரமாக உங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள்!

கடைக்காரர் சொல்லியனுப்பி, லேன்ட்மாஸ்டரும் ஓட்டோவும் பழுது பார்க்கும் ஒரு நானா வந்தார். "தம்பி, ஈரம் எங்க முடியுதெண்டு பாக்காதீங்க, எங்க தொடங்குதெண்டு பாருங்க" என்றபடி சீட்டைத் தூக்கினார். ஓடுகிற வண்டியில் ஒயில் நேர்கீழாக விழுவதில்லை. காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். முன்னால் கசிந்தாலும் பின்னால்தான் நனையும். பின் சீல் வீணாகப் பழி சுமப்பது இதனால்தான்.

விரலில் தொட்டு முகர்ந்தார். கியர் ஒயில் என்றால் கந்தக வாடை மூக்கில் ஏறும்; அது இல்லை. ஆகவே எஞ்சின் ஒயில்தான். நிறத்தை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. டீசல் எஞ்சினில் ஊற்றிய புது ஒயிலும் கொஞ்சத் தூரத்திலேயே கறுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து அந்தப் பக்கத்துச் செம்மண் தூசி சாட்சிக்கு வந்தது. பழைய கசிவின் மேல் தூசி படிந்து காய்ந்து பொருக்காகிவிடும். புதுக் கசிவு அந்தப் பொருக்கைக் கழுவிக்கொண்டு இறங்கும். டெபட் கவரைச் சுற்றிப் பளபளப்பாகத் துடைத்திருந்தார்கள். அங்கே ஈரமே இல்லை. பில்டருக்கு மேலேயிருந்த பொருக்கு முழுதாக இருந்தது. அதற்குக் கீழேதான் பொருக்கு கரைந்து கறுப்புக் கோடு ஓடியிருந்தது.

இருந்தும் அவர் முடிவு சொல்லவில்லை. டீசலில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டார். கடையில் பேபி பவுடர் ஒரு டப்பா வாங்கிவரச் சொல்லி, எஞ்சினின் பக்கவாட்டில் தூவினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடியும் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவர் சாரதியைப் பார்த்து, "அமத்துங்க" என்றார். எக்ஸலரேட்டரை மிதித்ததும் பில்டரின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி ஒயில் பீறியது.

பில்டரைக் கழற்றினார். புது பில்டரின் ரப்பர் வளையம் அதில் இருந்தது. பழைய பில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அழுத்தம் 1 பார் அளவில்தான் நிற்கும். வேகம் எடுத்தால் 3 பாரையும் தாண்டும். ரப்பரும் ரப்பரும் ஒன்றையொன்று பிடித்து நிற்காது. அந்த அழுத்தத்தில் வழுக்கி விலகிவிடும்.

இதே பிழையை ஆகாயத்திலும் செய்திருக்கிறார்கள். 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் நசோவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 855ஆம் விமானம், மூன்று எஞ்சின் கொண்ட லொக்ஹீட் எல்-1011. உள்ளே 172 பேர். எஞ்சின் ஒயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் காந்தச் செருகிகளை முந்தின இரவு மாற்றியவர்கள், ரப்பர் வளையம் இல்லாத செருகிகளை மூன்று எஞ்சினிலும் பொருத்திவிட்டார்கள். செருகியோடு வளையமும் சேர்ந்தே வரும் என்று நினைப்பு. கசிகிறதா என்று பார்க்க ஸ்டார்ட்டரால் சுமார் 10 விநாடி சுழற்றினார்கள். கசிவு தெரியவில்லை. வானத்தில் முதலில் ஒரு எஞ்சினை விமானிகளே நிறுத்தித் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டும் தாமாக நின்றன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில், முதலில் நிறுத்திய எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒன்றோடு மயாமியில் தரையிறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அங்கே வளையம் இல்லாத குறை. எங்கள் வேனில் ஒன்று கூடிய குறை. சோதித்த விதம் மட்டும் இரண்டிலும் ஒன்று: அழுத்தம் ஏறுமுன் பார்த்துவிட்டு, சரி என்று விட்டது.

வேலை முடித்த வண்டி ஒழுகினால், கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் தேடல் தொடங்க வேண்டும். சம்ப் நட்டின் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டார்களா? சிலிக்கன் பூசிக் காயவிடாமல் ஒயில் ஊற்றினார்களா? பிரீதர் குழாய் மடிந்து கிடக்கிறதா? அது அடைத்தால் உள்ளே காற்று முட்டி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். இவை எல்லாம் இல்லை என்றான பிறகு பின் சீலைப் பற்றிப் பேசலாம்.

நானா பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்தார். புது வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையாலேயே பில்டரை ஏற்றினார். வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஒன்றரை லீற்றர் ஒயில் ஊற்ற வேண்டியிருந்தது. எலுவன்குளம் தாண்டிக் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்துக்கு அப்பால், வில்பத்துக் காட்டுக்குள் இது நடந்திருந்தால் பேபி பவுடருக்கு எங்கே போவது?

அடுத்த முறை ஒயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பில்டரை வாங்கி அதன் வாயைத் திருப்பிப் பாருங்கள். வளையம் அதில் இல்லை என்றால், புதியதைப் பூட்ட விடாதீர்கள்.