கோட்டுச் சின்னமும் நீலப் பட்டனும்

ஆப் வடிவமைப்பவர்கள் நம் ஓட்டு இயந்திரத்திடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது

தேர்தல் வந்துவிட்டால் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகம்தான் திருவண்ணாமலை மாவட்டத்தின் தேர்தல் தலைமையகம். ஜவ்வாது மலைக் கிராமத்துப் பாட்டிக்கும், நகரத்துக் கல்லூரி மாணவருக்கும் ஒரே மாதிரி இயந்திரம்தான். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் அதில் தடுமாறாமல் ஓட்டுப் போடுகிறார்கள்.

திரையில் வரும் படங்கள் நிஜம்போல இருக்க வேண்டுமா, எளிமையாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் கணினித் துறையில் இன்னும் ஓயவில்லை. 2012 வரை ஐபோனின் குறிப்பேடு கோடு போட்ட மஞ்சள் தாளாகவே தெரிந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது அந்தப் பாணி கைவிடப்பட்டு, எல்லாம் தட்டையாயின. மறு ஆண்டே கூகுளின் ‘மெட்டீரியல் டிசைன்’ நிழலுக்கு மறுபடி இடம் கொடுத்தது.

இந்தியா இதே கேள்வியை 1951–52 பொதுத் தேர்தலிலேயே சந்தித்தது. அன்று நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம். வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியில் அவருடைய சின்னம். அடுத்த பல பத்தாண்டுகளில் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ்.சேத்தி, 1992-இல் ஓய்வுபெறும்வரை, அன்றாடப் பொருள்களைக் கறுப்புக் கோடுகளில் சின்னங்களாக வரைந்தார். சின்னதாக அச்சிட்டாலும், சுவரில் பெரிதாக எழுதினாலும் அடையாளம் மாறாது என்பதே அந்தக் கோடுகளின் பலம்.

ஆனால் எல்லாவற்றையும் கோட்டில் அடக்கிவிட முடியாது. 2024-இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் போட்டியிட்ட ஓ.பன்னீர்செல்வத்துடன், அதே பெயர் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். இப்படிப்பட்ட பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கவே 2015-இல் வேட்பாளரின் புகைப்படம் இயந்திரத்தில் சேர்ந்தது. ஆளை அடையாளம் காண நிஜ முகம் வேண்டும். கட்சியை அடையாளம் காண நாலு கோடு போதும்.

அடுத்தது பட்டன். அது நீல நிறத்தில், விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்கிறது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, ‘பீப்’ ஒலிக்கிறது, ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணில் படுகிறது. ‘ஓட்டு விழுந்துவிட்டதா?’ என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதியும் குழுவினரும் எழுத்தே இல்லாத திரைகளை வடிவமைத்து, வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். புகைப்படத்தைவிட எளிய கோட்டுப்படமே தொடக்கத்தில் நன்றாகப் புரிந்தது. ஆனால் வேலையைக் காட்டும் படத்தில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோன்ற குறிப்பும் தேவைப்பட்டது. 2006-இல் வெளியான அந்த ஆய்வும் நம் ஓட்டு இயந்திரமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: அடையாளத்தை எளிமையாக்கு, செயலைக் கண்கூடாக்கு.

இன்றைய பல ஆப்களில் இது தலைகீழாகிவிட்டது. அலங்காரப் படம் பளபளக்கிறது. அழுத்த வேண்டிய இடமோ வெறும் நிற எழுத்தாகக் கிடக்கிறது. பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் கைபேசியில் விண்ணப்பிக்கும் காலத்தில் இது அழகு பற்றிய விஷயமாக மட்டும் இருக்க முடியாது. ஒருவருடைய உரிமை அந்தப் பட்டனில் நிற்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு வேங்கிக்காலுக்கு வருபவர்களிடம் புது ஆப்பைக் கொடுத்து, குறுக்கே பேசாமல் பார்க்க வேண்டும். அவர்கள் விரல் தயங்கும் இடங்களையெல்லாம் திருத்திய பிறகே அதை வெளியிட வேண்டும்.